அட்டையைத் தேடிக் கொன்றேன்

எய்ட்ஸ் என்ற பெயர் பத்திரிகைகளில் புதிதாக அடிபட்ட எண்பதுகளில், கேமரன் மலையில் எங்கள் தோட்டத்து லோரியை ஓட்டிக்கொண்டிருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. ஈப்போவில் ஒரு பெண்ணிடம் போய்வந்த மறுவாரம் அந்தச் செய்தியைப் படித்தேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அண்ணன் வீட்டில் என் தட்டைத் தனியாக வைத்தேன். என் ரத்தம் குடித்து விழுந்த அட்டை, கொழுந்து பறிக்கும் அண்ணியைக் கடித்துவிடுமோ என்று, புல்லுக்குள் தேடித் தேடி உப்புப் போட்டுக் கொன்றேன்.

கடைசியில் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரசரிடம் போய், ஈப்போ விஷயத்தைச் சொல்லி அழுதேன்.

“உறை போட்டியா?”

“போட்டேன் ஐயா. நான் வேணாம்னுதான் சொன்னேன். போடலைன்னா வெளிய போன்னு அந்தப் பொம்பளை சொல்லிடுச்சு.”

“அப்போ பயம் ரொம்பக் குறைவு லா. தட்டுல, அட்டைலயெல்லாம் இது பரவாது. மூணு மாசம் கழிச்சு டவுன்ல ரத்தம் சோதிச்சுப் பாரு. முன்னாடி உறை இல்லாம போயிருக்கியா?”

“வேற இடத்துல, ரெண்டு தடவை.”

“அப்போ உன்னைப் பார்த்து அந்தப் பொம்பளைதான் பயந்திருக்கணும்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தனை நாளும் அவளைத்தான் நோய்க்காரி என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று வந்தது. இப்போது உறையை நானே கொண்டுபோகிறேன். அன்று அவளிடம் ‘வேணாம்’ என்று சொன்னதை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.