கண்ணாடி வளையத்தின் மூன்றாவது துண்டு

விக்ரோலியில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. கண்ணாடி உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே வாசல் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். வேலையை நிறுத்து. அன்று தயாரானதைத் தனியே எடுத்து வை. துண்டுகளைப் பொறுக்கி ஒட்டவைத்து, பழைய உருவம் முழுதாக வருகிறதா என்று பார். வராவிட்டால் தயாரானது அத்தனையும் குப்பைக்கு. மூன்று வருடமாக அந்தத் தாளைக் கடந்துதான் தினமும் உள்ளே போகிறேன். போன கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் அதில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை.

எங்கள் வீடு மாட்டுங்கா லேபர் கேம்பில், மாடியில் ஒற்றை அறை. கிறிஸ்மஸுக்கு அம்மா முந்திரிக்கொத்து செய்து பதினோரு வீடுகளுக்குக் கொடுப்பாள். வறுத்துத் திரித்த சிறுபயறு, தேங்காய், எள், கருப்பட்டிப் பாகு. உருண்டை பிடித்து, அரிசிமாவில் முக்கி, மூன்று மூன்றாக ஒட்டிப் பொரித்தால் ஒரு கொத்து. வீட்டுக்கு ஒரு டப்பா, டப்பாவுக்குப் பத்துக் கொத்து. எங்கள் சந்தில் டப்பா காலியாகத் திரும்பாது. தங்கள் பலகாரத்தைப் போட்டுத் தர தீபாவளிக்கோ ஈதுக்கோ காத்திருக்க முடியாதவர்கள் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் திருப்பித் தருவார்கள்.

அதற்கு முந்தைய வருடம் பாகு முறுகிவிட்டது. கீழ்வீட்டு மாமாவுக்குப் பல் செட். "கொத்தா குடுத்து விட்டிருக்கிய? கோலிக்குண்டுல்லா" என்று ஈஸ்டர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். போன கிறிஸ்மஸின்போது அவருக்குக் குடலில் ஆபரேஷன் ஆகி ஒன்றரை மாதம்தான் ஆகியிருந்தது. கொடுத்தாலும் அவர் வீட்டு அத்தை தின்ன விடமாட்டாள் என்று தெரியும். ஆனாலும் டப்பா போகாமல் இருக்க முடியாது.

பாகை ஒரு சொட்டுத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது அம்மாவின் கணக்கு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலையிடத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு கண்ணாடி வெப்பமானியைக் கேட்டு வாங்கி வந்தேன். உள்ளே சிவப்புத் திரவம், பாதரசம் இல்லை. மேல்முனையில் நூல் கட்ட ஒரு சின்னக் கண்ணாடி வளையம். நூல் கட்டி, கரண்டிக் காம்பில் தொங்கவிட்டுப் பாகில் இறக்கினேன். சரியான சூடு வந்ததும் நூலை அவிழ்த்து அவசரமாக வெளியே எடுத்தேன். சட்டியின் விளிம்பில் டிக் என்று ஒரு சத்தம். உடனே கீழ்முனையைப் பார்த்தேன். முழுசாக இருந்தது. அளவும் சரியாகவே காட்டியது. ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு அலமாரியின் பின்பக்கம் வைத்துவிட்டு, பாகை மாவில் ஊற்றினேன்.

மேல்முனையை நான் பார்க்கவில்லை.

அது ஞாயிற்றுக்கிழமை. செவ்வாய் சாயங்காலம் பதினோரு டப்பாக்களும் போய்ச் சேர்ந்தன. என் பட்டியலில் பதினோரு வரிசைக்கும் டிக் போட்டேன். புதன்கிழமை, கிறிஸ்மஸுக்கு முந்தைய நாள் காலையில், அலமாரியைத் துடைக்கும்போது அந்த டம்ளர் கையில் வந்தது. வளையம் உடைந்திருந்தது. டம்ளரின் அடியில் ஒரு துண்டு கிடந்தது. அடுப்புக்குப் பின்னால் இன்னொன்று. வெள்ளைத் தாளில் வைத்துச் சேர்த்துப் பார்த்தேன். முழு வளையம் வரவில்லை. ஓர் அரிசி நீளத்துக்கு இடைவெளி இருந்தது.

நான் சொன்னதை அம்மா மாவுச் சல்லடையைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அன்னைக்கே தரையில விழுந்திருக்கும். பெருக்கித் தள்ளியாச்சு."

"விழுந்திருக்கலாம். பாகுலயும் விழுந்திருக்கலாம்."

"குடுத்ததத் திருப்பிக் கேப்பியாட்டி? கிறிஸ்மஸ் பண்டத்த?"

"கேக்கத்தான் வேணும்."

"என்னன்னு சொல்லுவ? எங்க வீட்டுப் பலகாரத்துல கண்ணாடி கெடக்குன்னா? பொறவு நம்ம வீட்டுல எவளாவது ஒரு வாய்த் தண்ணி குடிப்பாளா?" சல்லடையை இரண்டு தட்டு தட்டிவிட்டு அவளே சொன்னாள்: "தேங்கா கெட்டு சிக்கு வாட அடிக்குன்னு சொல்லு. புதுசாச் செஞ்சு தாறோம்னு சொல்லு."

ஒத்துக்கொண்டேன். அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பண்டம் திரும்பி வந்தால் போதும், காரணம் எதுவானால் என்ன.

பதினோரு பாலிதீன் கவர்களில் வீட்டு எண்ணை எழுதிக்கொண்டு இறங்கினேன். டப்பாவை அவர்களிடமே விட்டுவிட்டு, உள்ளே இருப்பதை மட்டும் கவரில் கொட்டி எடுப்பதாகத் திட்டம். மூன்றாவது வீட்டில், நாங்கள் மாவ்ஷி என்று கூப்பிடும் மராத்திக்கார அம்மாள் சிரித்தார். "ரெஹ்னே தே பேட்டா, பஹுத் அச்சா ஹை." நன்றாகத்தானே இருக்கிறது, இருக்கட்டும் என்று டப்பாவைத் தரவே மறுத்தார். கெஞ்சி வாங்கினேன். அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். சிக்கு வாடை என்றால் யாரும் பயப்படுவதில்லை.

கீழ்வீட்டு அத்தை டப்பாவை எடுத்து வந்து, "நா இன்னும் தொறக்கவே இல்ல பிள்ள" என்றபடி கவரில் கொட்டினாள். மாமா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் பதினோரு கவரும் வந்துவிட்டன. ஒவ்வொன்றாக எண்ணினேன். தின்றுவிட்டோம் என்று சொன்ன வீடுகளில், அவர்கள் சொன்ன எண்ணிக்கைதான் குறைந்திருந்தது. அந்த வீடுகளில் யாருக்கும் வாயில் எதுவும் குத்தவில்லை என்று பேச்சுவாக்கில் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தேன். திறக்காத டப்பாவிலிருந்து வந்த கீழ்வீட்டுக் கவரில் ஒன்பது கொத்துதான் இருந்தது.

திரும்ப இறங்கிப் போனேன். அத்தை குழாயடிக்குப் போயிருந்தாள்.

"மாமா, ஒரு கொத்து குறையுது."

"வந்துட்டாய்யா இன்ஸ்பெக்டரம்மா." அவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நீ மேல்வரிசையில நின்னு சிக்கு வாடன்னு சொல்லுதது இங்க கேட்டிச்சு. கொண்டு போயிருவியேன்னு, நீ வாறதுக்குள்ள ஒண்ணு எடுத்துட்டேன். சிக்குனா செத்தா போவாவ? உங்க அத்தைட்ட சொல்லிராத."

"எப்பிடித் தின்னிய? கடிச்சா?"

"இந்தப் பல்லை வச்சா? தேயிலத் தண்ணியில முக்கி அப்பிடியே முழுங்கினேன். இந்த வருசம் பதம் நல்லாத்தான் இருந்துச்சு பிள்ள."

பொய் சொல்லாமல் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் எடுத்திருக்க மாட்டார். அந்த நாற்காலிக்கு எதிரே நின்று அதைத்தான் நினைத்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வளையம், டிக் சத்தம், அரிசி நீளம், எதையும் விடவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. வலது கை மெல்ல நகர்ந்து, சட்டைக்கு மேலாக, தையல் போட்ட இடத்தில் போய் நின்றது.

"சின்னதுதான?" என்றார்.

"சின்னதுதான் மாமா."

அத்தை குடத்தோடு வந்தாள். அவர் கண்ணால் வேண்டாம் என்றார். நான் சொன்னேன். அத்தை குடத்தை இறக்கி வைத்தாள். ஆஸ்பத்திரிக் கோப்பை எடுத்தாள். செருப்பைப் போட்டாள். மாமாவைக் கைப்பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள்; நானும் பின்னாலேயே போனேன்.

எக்ஸ்-ரே படத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு சின்னது தெரியாமலும் போகலாம் என்றார் டாக்டர். புது ஆபரேஷன் என்பதால் கவனமாக இருக்கச் சொன்னார். மூன்று நாள் பார்க்க வேண்டும். வலி, காய்ச்சல், ரத்தம், மூன்றில் எது வந்தாலும் உடனே வர வேண்டும். கோப்பின் பின்அட்டையில் எழுதிக்கொண்டேன். அத்தை அந்தக் கோப்பை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, மீதி இருந்த அத்தனை கொத்தையும் உடைத்து, வெந்நீரில் கரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டினேன். அம்மா கேட்காமலே துணியின் மறுமுனையைப் பிடித்தாள். பயறு, எள், தேங்காய்த் துருவல். விரலால் தடவித் தடவிப் பார்த்தோம். துணியில் கண்ணாடி இல்லை. வேறு எந்த நாளிலும் அது நல்ல செய்தியாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு மற்றப் பத்து வீடுகளுக்கும் போய் உண்மையைச் சொன்னேன். கூட வந்த அம்மா முந்தானையை வாயில் வைத்தபடி ஒவ்வொரு வாசலிலும் நின்றாள். மாவ்ஷி மட்டும் என் கன்னத்தைத் தொட்டார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்கு மாமா வந்திருந்தார், எங்களுக்கு இரண்டு பெஞ்சு முன்னால். பாட்டுக்கு எழும்பும்போது ஒரு கை பெஞ்சில், மறு கை வயிற்றில். எத்தனை தடவை அந்தக் கை அங்கே போகிறது என்று எண்ணத் தொடங்கினேன். பிரசங்கத்தின் பாதியில் நிறுத்திவிட்டேன். மற்ற நாட்களில் எத்தனை தடவை போகும் என்று எனக்குத் தெரியாது. ஒப்பிட ஒன்றுமில்லாத எண்.

மூன்று நாளும் காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை. வலி இருக்கிறதா என்றால், ஆபரேஷன் வலிதான் என்றார். நாலாவது நாள் காலையில் எங்கள் வாசல்படியில், கீழ்வீட்டுக்குக் கொடுத்திருந்த எங்கள் டப்பா இருந்தது. தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து. அம்மா மூடியைத் திறந்தாள். உள்ளே சர்க்கரைகூட இல்லை. சாய்த்துப் பார்த்தாள், மூலையில் ஒட்டியிருக்கலாம் என்பது போல. பிறகு எங்கள் வீட்டுச் சர்க்கரையில் ஒரு பிடி அள்ளிப் போட்டு மூடி, "கொண்டு குடு" என்றாள்.

கீழே போனேன். மாமா அதே நாற்காலியில் இருந்தார். அன்று வெயில் இல்லை. ஆனாலும் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இன்ஸ்பெக்டரம்மா, எல்லாம் கெடைச்சிற்றா?"

"ஒண்ணு இன்னும் கெடைக்கல மாமா."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல. தையல் இழுக்குது." டப்பாவை வாங்க அவர் கை நீட்டுவதற்குள் உள்ளேயிருந்து அத்தை கூப்பிட்டாள். அவரை மட்டும்தான் கூப்பிட்டாள். அவர் நாற்காலிக் கையைப் பிடித்து மெதுவாக எழுந்து, குனிந்தபடியே உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது.

டப்பாவை நாற்காலியில் வைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றேன். உள்ளே என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஏதாவது முனகல் கேட்கிறதா என்றுதான் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.