கத்தி பிடித்தால் கேள்வி கேட்காத தம்பி

தம்பியின் முதலாம் ஆண்டு திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் அவருடைய அக்கா எழுதுவது. நான் ஆறு வயது மூத்தவள். உயிரோடு இருந்தவரை "டா" போட்டுத்தான் கூப்பிட்டேன். இனிமேல் "அவர்" என்று எழுதுவதுதான் மரியாதை.

தம்பி பிறந்தது விழுப்புரம் பக்கம் அனந்தபுரத்தில். அப்பா வீடு வீடாகப் போய்ச் சவரம் செய்தவர். தம்பிக்கு மீசை அரும்பும் வயதில் அப்பா காலமானார். கத்தியும் தீட்டுகிற கல்லும் தோல்வாரும் தம்பி கைக்கு வந்தன. பசியும் பட்டினியும் பார்த்துத்தான் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு நாற்காலி போட்டுக் கடை வைத்தார். எங்கள் குடும்பத்தில் போர்டு மாட்டிக் கடை வைத்த முதல் ஆள் அவர்தான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

எதையும் ஏன் என்று கேட்காமல் விடமாட்டார். சவரத்தில் கீறல் விழுந்தால் படிகாரத்தைத் தேய்த்து அனுப்பிவிடுவது எல்லாக் கடையிலும் வழக்கம். தம்பிக்கு அது போதவில்லை. கடைக் கதவுக்குப் பின்னால் கரியால் ஒரு முகம் வரைந்தார். யாருக்காவது ரத்தம் வந்தால் அதே இடத்தில் ஒரு புள்ளி வைப்பார்.

முதலில் கத்தியைச் சந்தேகப்பட்டார். நன்றாகத் தீட்டிய கத்தி வழுக்கிக்கொண்டு போகிறது, மழுங்கிய கத்திதான் தோலைப் பிடித்து இழுக்கிறது என்று கண்டுகொண்டார். பிறகு முடி சாய்கிற பக்கத்தைப் பார்த்தார். கன்னத்தில் கீழே சாயும் முடி, கழுத்தில் சில பேருக்கு மேலே சாயும். அதனால் சோப்பு போடுவதற்கு முன் விரலால் தடவித் தெரிந்துகொள்வார். புள்ளிகள் குறைந்தன. ஆனால் தொண்டையிலும் உதட்டோரத்திலும் மட்டும் விழுந்துகொண்டே இருந்தன.

ஒருநாள் கூட்டேரிப்பட்டு விவசாயி ஒருவர் நாற்காலியில் இருந்தார். தம்பி, "மல்லாட்டை புடுங்கியாச்சுங்களா?" என்று நிலக்கடலை அறுவடையை விசாரித்தார். "அத ஏன் கேக்குற!" என்று அவர் வாய் திறந்தார். தொண்டை மேலே ஏறியது. ரத்தம்.

"யக்கா, தப்பு கத்தி மேல இல்ல, என் வாயி மேல. நான் கேக்கறேன், அவங்க பதில் சொல்றாங்க, அறுபடுது" என்று அந்த வாரம் என் வீட்டுக்கு வந்து சொன்னார். அன்றிலிருந்து கத்தி பிடித்தால் யாரிடமும் ஒரு கேள்வி கேட்டதில்லை. "என்னாய்யா, கோவிச்சுக்கினியா?" என்று வாடிக்கைக்காரர்கள் கேட்டால்கூடக் கத்தியை எடுத்துவிட்டுத்தான் பதில்.

எண்பதாம் வருஷம் பிறந்த புதிதில் என் வீட்டுக்காரருக்கு மெட்ராஸில் இருதய ஆபரேஷன் நடந்தது. அவர் விழுப்புரம் ரயில்வே ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்த டாக்டர், சின்னக் கீறல் பட்டாலும் ரத்தம் லேசில் நிற்காது, முகத்தில் கத்தியே படக்கூடாது என்று கண்டித்துச் சொல்லியிருந்தார். தாடி வளர்ந்தது. அந்த நேரத்தில் மூத்த மகளுக்குக் கல்யாணம் கூடியது.

"தாடியோட பொண்ணக் கையப் புடிச்சுக் குடுத்தா, சாவு வீட்லேந்து வந்தவன்னுவாங்க. மச்சான் வரலன்னா நானே பிளேடு போட்டுக்கறேன்" என்று என் வீட்டுக்காரர் பிடிவாதம் பிடித்தார். ஒட்டக் கத்தரித்துவிடலாம் என்றால், "ஆடு மேஞ்ச மாதிரி இருக்கும்" என்றார். திண்டிவனத்துக்கு ஆள் அனுப்பினேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் தம்பி வந்தார். வெந்நீர்த் துணியை மூன்று தடவை முகத்தில் போட்டு எடுத்தார். விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இன்னா மச்சான், மொகத்துல பொதையல் தேடறியா?"

"மாமா, பேசறதெல்லாம் இப்பவே பேசிடுங்க. கத்தி பட்டப்புறம் எச்சில்கூட முழுங்கக் கூடாது."

"அப்ப நான் பொணமா?"

"நல்ல நாளும் அதுவுமா பேச்சப் பாரு!" என்றேன் நான்.

"முழுங்கணும்னா ஒரு வெரலத் தூக்குங்க மாமா. நான் கத்திய எடுத்துடறேன்."

ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, கத்தியைச் சாய்த்து, எடை வைக்காமல் இறக்கினார். கன்னங்கள் முடிந்தன. தொண்டைக்கு வந்த நேரத்தில் சம்பந்தி உள்ளே நுழைந்து, "சம்பந்தி! சௌக்கியமா?" என்று சத்தம் போட்டார்.

ஒருத்தர் கூப்பிட்டால் பத்து வார்த்தை பேசுகிறவர் என் வீட்டுக்காரர். அவர் வாய் திறக்கவில்லை. விரலைத் தூக்கினார். கத்தி தள்ளிப் போனது.

சம்பந்தி அந்த ஒற்றை விரலைப் பார்த்துவிட்டு, "அதுக்கென்னா, போய்ட்டு வாங்க சம்பந்தி. நான் உக்காந்துக்கினு இருக்கேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் குலுங்கிச் சிரித்தார். தம்பி சுவர்ப்பக்கம் திரும்பி நின்று சிரித்தார். சிரிப்பு முழுக்க அடங்கி, மறுபடி சோப்பு போட்ட பிறகுதான் கத்தி தொட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கிண்ணத்தில் வைத்திருந்த படிகாரம் நனையவே இல்லை.

அதன் பிறகு அந்த முகத்தைத் தம்பி வேறு யாரையும் தொட விடவில்லை. வாரா வாரம் கடை விடுமுறையான செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி விழுப்புரம் வந்துவிடுவார். செவ்வாயில் கத்தி எடுக்கலாமா என்று கேட்டேன். "கெழமைக்கும் கீறலுக்கும் சம்மந்தம் இருக்கான்னு பாத்துட்டேன்க்கா. இல்ல" என்றார். நான்கு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர் தூக்கத்தில் போய்ச் சேர்ந்தார். குளிப்பாட்டும்போது முகத்தை நானே துடைத்தேன். ஒரு கீறல் இல்லை.

தம்பியை மஞ்சள் காமாலை கொண்டுபோனது. கடைசி இருபது நாளும் தூங்காமல் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், செவ்வாய்தோறும் அவருக்கு ஜன்னல் ஓர இடம் பிடித்துவைத்த கண்டக்டருக்கும், அவர் படுத்திருந்த நாட்களில் கடையைத் திறந்து வைத்திருந்த பக்கத்துக் கடைக்காரருக்கும் கைகூப்புகிறேன். திண்டிவனத்தில் இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, தம்பியின் கத்திக்குக் கழுத்தைக் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.