சேவல் ரத்தத்துக்குக் கிடைத்த கோப்பை

ஆறாம் வகுப்பில், அறிவியல் கண்காட்சிக்கு வைத்திருந்த ரத்தத்தை நானே தின்று தீர்த்தேன். சிரிக்காதீர்கள், பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை வீடுகளில் இது நடக்கக்கூடியதுதான். பண்ணைக் கோழிகளை லாரியில் ஏற்றிய அன்று, சித்தப்பா எனக்காக ஒரு கோழியை அறுத்து, ரத்தம் உறையாமலிருக்கச் சிட்ரேட் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். கருப்பராயன் கோயில் திருவிழாவான நோம்பிக்கு வந்திருந்த அத்தை அதைப் பார்த்துவிட்டாள். ரத்தம் என்றால் அவளுக்குப் பொரியல்தான். சின்ன வெங்காயமும் தேங்காயும் போட்டு வறுத்துவிட்டாள். நானும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

விஷயம் தெரிந்ததும் ஒப்பாரி வைத்துவிட்டேன். விடிந்தால் கண்காட்சி. பண்ணையோ காலி. வீட்டில் மிச்சமிருந்தது, அத்தை கருப்பராயனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் மட்டும்.

"இறக்கை நரம்புல ஊசி போட்டு எடுத்துறலாமுங்க அக்கா. ஆனா காயம்பட்டதைச் சாமிக்குக் குடுக்க முடியாதுங்களே" என்று சித்தப்பா தயங்கினார்.

"எடுத்துப்போடு தம்பி. புள்ள எப்படி அழுவுது பாரு! நான் அடுத்த வருசம் வேற சேவல் உட்டுக்கறேன்" என்றாள் அத்தை.

மறுநாள் பள்ளியில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தில் ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்களை எதிரெதிரே கட்டினோம். சித்தப்பா பெடலைச் சுற்று சுற்றென்று சுற்றினார். நிறுத்திப் பார்த்தால், அடடா! சிவப்பு அடியில் தங்கி, மேலே இளமஞ்சள் நீர் தெளிந்து நின்றது. அடியிலிருந்து ஒரு சொட்டெடுத்து, சாயமிட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தேன்.

நடுவராக வந்த டீச்சர் குனிந்து பார்த்துவிட்டு, "சிவப்பணுவுல உட்கரு இருக்காதே, இது என்ன புள்ளி?" என்று மடக்கினார்.

"மனுசருக்குத்தான் இருக்காதுங்க மிஸ். கோழிக்கு இருக்குமுங்க!"

டீச்சர் மறுபடி குனிந்தார். நிமிரும்போது சிரித்துக்கொண்டிருந்தார். முதல் பரிசு எனக்குத்தான்! கூட்டத்துக்குள்ளிருந்து "எங்கூட்டுப் புள்ளைங்க!" என்று அத்தை போட்ட சத்தத்தில் ஹெட்மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். கோப்பையோடு என்னைக் கட்டிப்பிடித்தவள் விடவே இல்லை. "கழுத்து வலிக்குது அத்தை" என்று நெளிந்தேன்.

கல்யாணமாகி ஏழு வருடமாகியும் பிறக்காத பிள்ளைக்காகத்தான் அவள் அந்தச் சேவலை நேர்ந்துவிட்டிருந்தாள் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. 'அடுத்த வருசம்' என்று அவள் சொன்னபோது, எனக்கு அது வெறும் ஏழாம் வகுப்பு, அவ்வளவுதான்.