வெடி லேபிளில் என் படம்

என் மகள் சிவகாசி அச்சகத்தில் டிசைனராகச் சேர்ந்த புதிது. முதல் வெடி லேபிள் முதலாளிக்குப் பிடித்தால்தான் வேலை நிலைக்கும். செல்போனில் ஏஐயிடம் யோசனை கேட்டாள். முருகன் படம் போடலாம் என்றது.

எனக்கு மனசு ஒப்பவில்லை. "ஏத்தா, வெடிச்ச காகிதம் தெருவுல கிடக்கும். சாமிய மிதிப்பாகளே!"

அவள் அதை அப்படியே எழுதினாள். உங்கள் வீட்டுத் தீபாவளியில் எதற்குச் சிரிப்பீர்கள் என்று அது திருப்பிக் கேட்டது.

"எங்கப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியிலதான் வேலை. ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் வெடி கொளுத்துவாக" என்று எழுதினாள்.

அதையே வரையச் சொன்னது.

"அப்ப என்னைய மிதிக்கலாமா?" என்றேன்.

"நீங்க கோவிக்க மாட்டீகளே!"

முதலாளி பார்த்துச் சிரித்து, அன்றே அச்சுக்கு அனுப்பினாராம். சாயந்தரம் அவள் பெயரில் முருகனுக்கு அர்ச்சனை செய்தேன்.