கொழும்பு பார்க்க வந்தவர்கள்

லண்டனிலிருந்து ஒரு தாயும் மகனும் கொழும்பு பார்க்க வருகிறார்கள், பழைய கட்டடங்களையும் கடைத்தெருக்களையும் ஒருநாள் கூட்டிப்போய்க் காட்ட முடியுமா என்று தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் போனில் கேட்டார். மகன் எஞ்சினியர் என்பதையும் சொல்லிவைத்தார். என் அம்மாவுக்கு அது போதும்.

வெள்ளவத்தையில் எங்கள் ஆட்கள் பொம்பிளை பார்க்க வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. கோயிலில் தற்செயலாகச் சந்திப்பார்கள், சேலைக்கடையில் தற்செயலாகப் பக்கத்தில் நிற்பார்கள். சரிவராவிட்டால் யாரும் யாரையும் பார்க்கவே இல்லை. இப்படி எத்தனையோ தற்செயல்களுக்கு அம்மா என்னை உடுத்தி அனுப்பியிருக்கிறார்.

“கொழும்பு பார்க்கவாம்” என்று சிரித்துக்கொண்டே பட்டுச்சேலையை எடுத்து அயர்ன் பண்ணினார். “ஒண்டும் தெரியாத மாதிரி நில், பிள்ளை. றோட்டில நிண்டு கண்டதையும் தின்னாத.”

அந்த வெயிலில் புறக்கோட்டைக் கடைத்தெருவுக்குப் பட்டுடுத்திப் போன ஒரே ஜீவன் நானாகத்தான் இருப்பேன். வண்டி தள்ளி வந்தவர்கூட என்னைக் கண்டதும் கல்யாண வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார். சிவப்புப் பள்ளிவாசலின் கோடுகளை மகன் வாய்பிளந்து பார்த்துவிட்டு, இது எப்போது கட்டியது என்றார். எனக்கு அந்தக் கட்டடத்தில் பைத்தியம், ஒரு மணித்தியாலம் கதைப்பேன். ஆனால் கல்யாணத்துக்கு நிற்கிற பெண் அதிகம் கதைக்கக் கூடாதே. தலையைக் குனிந்து புன்னகைத்தேன். அவர்கள் இறால் வடை, அன்னாசி அச்சாறு, பலூடா என்று வெளுத்து வாங்கினார்கள். நான் பசியில்லை என்று தண்ணீர் குடித்தேன்.

செட்டியார் தெருவில் நகைக்கடைக்குள் போனதும் தாய் என் கையைப் பிடித்து ஒரு சோடி காப்பைப் போட்டுப் பார்த்தார். அளவு சரி என்று மகனிடம் தலையசைத்தார். அதற்குள் மகனை எனக்குப் பிடித்தும் போயிருந்தது. லண்டன் குளிரைச் சமாளிக்கலாம் என்றுகூட யோசித்துவிட்டேன். காப்புச் சங்கதியை அம்மாவுக்கு மெசேஜ் பண்ண, பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தாயிற்று என்று பதில் வந்தது.

கொட்டாஞ்சேனைப் பெரிய தேவாலயத்தின் படியில் இளைப்பாறும்போது மகன் போனை நீட்டினார். படத்தில் ஒரு பெண். அடுத்த மாதம் கல்யாணமாம்.

“அவவுக்கும் உங்கட கை அளவுதான்” என்றார் தாய். “நீங்கள் வந்திராட்டி காப்பு அளவுக்குச் சரியாக் கஷ்டப்பட்டிருப்பம்.”

வெட்கமாக இருந்தது. வலித்தது. பிறகு, காலையிலிருந்து அடக்கி வைத்த பசி வந்தது. அவர்களைப் பக்கத்துக் கடைக்கு இழுத்துப் போய், கொத்து ரொட்டியும் மட்டன் ரோல்ஸும் எடுத்து, வாய் நிறையச் சாப்பாட்டோடு பள்ளிவாசலில் தொடங்கித் தேவாலயம் வரை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். இதையெல்லாம் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று மகன் கவலைப்பட்டார்.

அம்மா வாசலிலேயே காத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர் ஏமாறவில்லை. படம் காட்டியதும் எங்களைச் சோதிக்கத்தான் என்றார்.

“இல்லையம்மா. அவை உண்மையா கொழும்பு பார்க்கத்தான் வந்தவை.”

நான் மாற்றிப்போட்ட சேலையின் எண்ணெய்க் கறையை அம்மா விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“கொழும்பில பார்க்க என்ன பிள்ளை கிடக்கு?”