இஞ்சினுக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டு வேனுக்கு இல்லாத வியாதி கிடையாது. எங்களிடம் வரும்போதே அது பல கை மாறி வந்த வண்டி. காலையில் ஒரு பாட்டம் இருமிவிட்டுத்தான் கிளம்பும். மேடு ஏறினால் சூடாகிவிடும் என்பதால் ரேடியேட்டருக்கென்று ஒரு கேன் தண்ணீர் எப்போதும் பின்சீட்டுக்கு அடியில் இருக்கும். சைலன்சரில் துரு ஏறி ஓட்டை விழுந்துவிட்டதால், அப்பா பெங்களூரில் எங்கள் ஜீவனஹள்ளி முனையில் திரும்பும்போதே அம்மா அடுப்பில் தோசைக்கல்லை வைத்துவிடுவாள். முன்சீட்டுக்கு அடியில்தான் இஞ்சின். ஓட்டுகிறவருக்கு டிசம்பர் குளிரிலும் கீழேயிருந்து ஒத்தடம் கிடைத்துக்கொண்டே இருக்கும். ரிப்பேர் பார்க்க வேண்டுமானால் முன்சீட்டில் இருப்பவர் இறங்கி, சீட்டைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

முன்சீட்டில் இருப்பவர் பெரும்பாலும் பெரியப்பா. வண்டி அவர் பெயரில் இருந்தது, ஓட்டியது அப்பா. வீடும் அப்படித்தான். தெருவைப் பார்த்த பாகத்தில் பெரியப்பா குடும்பம், பின்னால் இரண்டு அறையில் நாங்கள். அப்பா அந்த வேனில் காக்ஸ் டவுன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டு போய் விடுவார். நான் அப்போது இரண்டாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் சித்திரையில் அத்தை ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. தருமபுரிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். புருஷன் அடிப்பான். அடிப்பான் என்று லேசாகச் சொல்லிவிட்டேன். அவளுடைய இடது மணிக்கட்டு ஒருமுறை ஒடிந்து, கோணலாகவே கூடியிருந்தது. அந்தக் கையால் அவளால் தண்ணீர்க் குடத்தைப் பிடிக்க முடியாது. இனிமேல் அங்கே போகமாட்டேன் என்று அழாமல்தான் சொன்னாள். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாமில்தான் அவள் ஆறு மாதம் குடியிருந்தாள்.

சும்மா இருக்கவில்லை. அப்பாவோடு வேனில் போய்ப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினாள். தடம் விட்டு விலகியிருந்த வேனின் தள்ளுகதவை இடுப்பால் ஒரு இடி இடித்துச் சாத்த அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. ஷெட்டில் மெக்கானிக் சீட்டைத் தூக்கிக்கொண்டு பேசும்போது பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்வாள். கொஞ்ச நாளில், வண்டி இருமினால் பிளக்கா கார்புரேட்டரா என்று அப்பாவுக்கு முன்னால் அவள் சொன்னாள். அப்பாவுக்கு அதில் பெருமைதான். பெரியம்மாவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. கல்யாண வயதில் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு, வாழாமல் வந்தவளையும் வாசலில் நிறுத்தினால் யார் பெண் கேட்டு வருவார்கள் என்று, அத்தை காதில் விழுகிற மாதிரி, பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். பெரியப்பா மகளை, அதாவது அக்காவை, தை மாதத்தில் ஓர் இடத்திலிருந்து பார்க்க வருவதாகப் பேச்சு.

ஆயுத பூஜை வந்தது. பெங்களூரில் அன்று சைக்கிள் வைத்திருப்பவன்கூட ராஜாதான். தெரு முழுக்க வண்டிகளுக்கு வாழைக்கன்று கட்டி, செவ்வந்தி மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள். எங்கள் வேனை அப்பா விடியற்காலையிலேயே கழுவி முடித்துவிட்டார். பெரியப்பா வந்து சுற்றிப் பார்த்தார். வெளியே மட்டும் கழுவி என்ன பிரயோஜனம், இஞ்சின்தானே சாமி, அதைக் குளிப்பாட்டாமல் என்ன பூஜை என்றார். சீட்டைத் தூக்கச் சொன்னார். வாளியில் மஞ்சள் கரைத்த தண்ணீர் தயாராக இருந்தது.

மாலை கட்டிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து, "அண்ணா, அங்க தண்ணி ஊத்தக் கூடாதுன்னு மெக்கானிக் சொல்லியிருக்காருண்ணா" என்றாள்.

பெரியப்பா அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சாமி காரியத்துல குறுக்க பேசாத" என்று சொல்லிவிட்டு வாளியைக் கவிழ்த்தார். இன்னொரு வாளியும் கேட்டார். அப்பா கொண்டுவந்து கொடுத்தார்.

சூடம் காட்டி, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசணிக்காயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரியப்பா முன்னால் நின்றார். வண்டி முன்னே நகர்ந்து பழத்தை நசுக்க வேண்டும், பூசணிக்காய் உடைய வேண்டும், பிறகுதான் எங்களுக்குப் பொரியும் கடலையும். அப்பா சாவியைத் திருப்பினார். இருமல் வந்தது, இஞ்சின் வரவில்லை. மறுபடியும் திருப்பினார். பெரியப்பா பூசணிக்காயைக் கைமாற்றிப் பிடித்தார். திருப்பித் திருப்பி, கடைசியில் இருமலும் நின்று, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. தெரு ஆட்கள் கூடித் தள்ளினார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது, ஆனால் உயிர் இல்லாத சக்கரத்தில் நசுங்கியது கணக்கில்லையாம். மூலைவரை தள்ளிவிட்டு, அதே வழியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

மாலை யார் கட்டினது என்று பெரியம்மா கேட்டாள்.

அது கேள்வி இல்லை. யார் கட்டினது என்று அவளுக்குத் தெரியும். காலையிலிருந்து அத்தை கட்டியதை அவள்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் வீட்டைத் தாண்டி வந்தவள் கை பட்ட பூ சாமிக்கு ஏறுமா என்றாள். இளிச்சவாயன் தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே, அன்று எங்கள் வாசலில் அரைத்தார்கள். அத்தை மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார். அங்கே ஜாக்கி, ஸ்பேனர், திருப்புளி எல்லாம் வாழையிலையில் வரிசையாகக் குங்குமத்தோடு படுத்திருந்தன. மெக்கானிக் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பொரி தின்றுகொண்டிருந்தார். அப்பா கெஞ்சிப் பார்த்தார். "இன்னிக்கு எதையும் தொடக் கூடாது சார். ஆயுதம் தூங்குது. நாளைக்கு மொத போணி உங்க வண்டிதான்" என்று என் கையில் ஒரு பிடி பொரியை வைத்தார். கருவி வைத்திருக்கிற ஊர் முழுக்க அன்று கைகட்டி உட்கார்ந்திருந்தது. தீர்ப்பு சொல்வதற்குத்தான் கருவி எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாங்கள் திரும்பி வருவதற்குள் பெரியப்பா முனை எஸ்.டி.டி. பூத்திலிருந்து தருமபுரிக்குப் பேசி முடித்துவிட்டார். நாளை விஜயதசமி, நல்ல நாள், அத்தையைக் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லியாகிவிட்டது.

அம்மா மட்டும் ஒரே ஒரு தடவை, நம்ம பாகத்துலயே இருந்துட்டுப் போகட்டுமே என்று அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள். அப்பா சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே கழன்றிருந்தது.

மறுநாள் காலையில் மெக்கானிக் வந்தார். சீட்டைத் தூக்கினார். பிளக்குகளுக்கு வயர் போகிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றிச் சாய்த்தார். மஞ்சள் தண்ணீர் கொட்டியது. "இஞ்சினுக்கு யாரு சார் ஸ்நானம் பண்ணி வச்சது?" என்று சிரித்துக்கொண்டே பனியன் துணியால் துடைத்து, பிளக்கையும் கழற்றித் துடைத்து மாட்டினார். வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் கொடுத்ததும் வேன் ஒரே சாவியில் எடுத்தது. பழைய பேட்டரி, நேற்றுத் திருப்பித் திருப்பியே செத்துவிட்டது, நல்லா ஓடினால்தான் சார்ஜ் ஏறும், வழியில் ஆஃப் பண்ணாதீர்கள் என்றார். பெரியப்பா முந்தின நாள் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். மெக்கானிக் அந்தப் பேப்பரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சிரிப்பை நிறுத்தி, "எதுக்கும் ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டுடுங்க சார்" என்றார். அவரும் பிழைக்க வேண்டுமே.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். குற்றவாளி பிடிபட்டாயிற்று. உள்ளே ஓடினேன். "அத்தே, தண்ணிதானாம்! தண்ணி உள்ள போயிடுச்சாம்! பூ இல்லியாம்! நீ போவ வேணாம்!" என்று வீடே கேட்கக் கத்தினேன். அத்தை புடவை மடித்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னது அவளுக்குப் புதிய செய்தியே இல்லை. என் கன்னத்தைத் தட்டிவிட்டு அடுத்த புடவையை எடுத்தாள். நான் போட்ட சத்தம் வாசலுக்கும் கேட்டிருக்கும். அங்கிருந்து பெரியப்பா குரல் வந்தது: "வண்டி ரெடியாயிடுச்சில்ல? சாப்ட்டுட்டு கெளம்பிடலாம்."

நான் அப்பாவிடம் போய், எதுக்குப் போகணும், தண்ணிதானே என்றேன். அப்பா என் தலையைத் தடவி, சும்மா போய்ப் பார்த்துட்டு வந்துடலாம் என்றார். நான் நம்பினேன். அந்த வயதில் அப்பா சொன்னால் அதுதான்.

முன்சீட்டில் பெரியப்பா, பின்னால் நானும் அத்தையும். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா கம்பெனி கேட்டுகளில் எல்லாம் வாழைக்கன்று வாடத் தொடங்கியிருந்தது. நான் ஜன்னலில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடினேன். ஓசூர் தாண்டி ஒரு மேட்டில் வழக்கம்போல ஆவி கிளம்பியது. அப்பா இஞ்சினை அணைக்காமலே ஓரம் கட்டினார். பெரியப்பா இறங்கிப் புளியமரத்து நிழலுக்குப் போனார். அத்தை சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னாள்: "ரேடியேட்டர் ஓஸ் கசியுதுண்ணா. இது தாங்காது. திரும்பிடலாம்ணா."

அவள் வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றைத்தான். அதையும் வண்டியின் பேரைச் சொல்லித்தான் கேட்டாள். அப்பா புளியமரத்தைப் பார்த்தார். இன்னும் கொஞ்ச தூரந்தானேம்மா என்றார். அத்தை டூல்ஸ் பையிலிருந்து சைக்கிள் டியூப் துண்டை எடுத்து, கோணல் கையால் ஒரு முனையை அழுத்திப் பிடித்து, கசிந்த இடத்தில் இறுக்கிச் சுற்றிக் கட்டினாள். சூடு ஆறக் காத்திருந்து, துணி போட்டு மூடியைத் திறந்து தண்ணீரும் ஊற்றினாள். அதற்கப்புறம் ஊர் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு கசியவில்லை.

அத்தை புருஷன் தலை சீவிப் பவுடர் பூசிக்கொண்டு நின்றிருந்தான். என்னைப் பாப்பா என்று கூப்பிட்டு பிஸ்கட் கொடுத்தான். வண்டியை அணைத்துவிட்டு அப்பாவும் உள்ளே வந்தார். காப்பி வந்தது. பெரியப்பா துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டு, "இனிமே இவ உங்க வூட்டுப் பொண்ணு. இங்க என்ன நடந்தாலும் நாங்க ஏன்னு கேக்க மாட்டோம்" என்றார். மரியாதைக்குச் சொல்கிற வார்த்தைதான். இரண்டு வீட்டுப் பெரியவர்களும் தலையாட்டினார்கள். யாராவது தண்ணீர் விஷயத்தைச் சொல்வார்கள் என்று நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பம் வேறு எதில் வாக்குத் தவறியிருந்தாலும் பெரியப்பா கொடுத்த அந்த வாக்கில் தவறவில்லை. அக்கா கல்யாணத்துக்கு அத்தை வந்தபோது முன்பல் ஒன்று இல்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அவள்தான் என்னிடம், வண்டி எப்படி ஓடுது என்று கேட்டாள்.

அன்றைக்குக் கிளம்பும் நேரத்தில் வேன் மறுபடி 'டக்' என்றது. பேட்டரிக்கு ஓடிய ஓட்டம் போதவில்லை. அது மேடு பள்ளம் இல்லாத தெரு. தள்ளித்தான் ஆக வேண்டும். பெரியப்பா முன்சீட்டை விட்டு அசையவில்லை. மாப்பிள்ளை படியில் நின்று வேடிக்கை பார்த்தான். அத்தைதான் இறங்கி வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பின்னால் கை கொடுத்தாள். பள்ளிக்கூட நாட்களில் எத்தனையோ முறை நடந்ததுதான் இது. அவள் தள்ளுவாள், அப்பா கியரைப் போட்டுக் கிளட்சை விடுவார், வண்டி குலுங்கிப் பிடித்துக்கொள்ளும். நின்றால் அணைந்துவிடும் என்பதால் அப்பா மெதுவாக உருட்டிக்கொண்டே இருப்பார், அத்தை புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து உள்ளே தாவி ஏறுவாள். பிள்ளைகள் எல்லாம் கை தட்டுவோம்.

வண்டி குலுங்கிப் பிடித்துக்கொண்டது. நான் இரண்டு கையாலும் தள்ளுகதவை இழுத்துத் திறந்து, அவள் ஏறுவதற்கு இடம் விட்டு ஒதுங்கி உட்கார்ந்தேன். அத்தை புகைக்கு நடுவில் அப்படியே நின்றாள். "அத்தே, ஓடி வா" என்று கத்தினேன். பெரியப்பா திரும்பாமலே கதவைச் சாத்து என்றார். எனக்குச் சாத்த வரவில்லை. கதவு திறந்தபடியே கிடக்க, அப்பா இரண்டாவது கியருக்கு மாற்றினார், பிறகு மூன்றாவதுக்கு. நிறுத்தினால் இஞ்சின் அணைந்துவிடும், அதனால்தான் அப்பா நிறுத்தவில்லை என்று நான் வெகுநாள்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.