செத்தவர் போட்ட கையெழுத்து

எங்கள் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் மரியகுழந்தையைப் போல ஒரு பயந்த மனுஷியை நான் பார்த்ததில்லை. தபால்காரர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே உள்ளே ஓடி ஒளிவாள். அப்படிப்பட்டவளைக் கோர்ட்டுக் கூண்டில் ஏற்றிய புண்ணியவான் நான்தான். பெயர் சுந்தரராஜ், சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன்.

கன்னட நாட்டில் இருக்கும் எங்கள் ஊரில் சுரங்கத் தொழிலாளிகள் சேர்ந்து ஆரம்பித்த தர்ம டிரஸ்ட் ஒன்று உண்டு. எந்த மதத்தார் செத்தாலும் சவப்பெட்டியும் வண்டியும் இலவசம். அந்த வண்டி நிற்கும் கொட்டகையை நிலத்தோடு விற்கத் தலைவர் மனோகர் தீர்மானம் போட்டுவிட்டார். பொது டிரஸ்டில் இப்படி நடந்தால், அக்கறையுள்ள இரண்டு பேர் கோர்ட்டில் அனுமதி வாங்கி வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். நானும் பக்கத்து வீட்டுத் தங்கவேலுவும் போட்டோம்.

தீர்மானத்தின் நகல் கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது உறுப்பினர் சம்மதம் வேண்டும், சரியாக ஒன்பது கையெழுத்து இருந்தது. அதில் ஒன்று சைலஸ். மரியகுழந்தையின் புருஷன். நுரையீரல் கெட்டு 2008-லேயே அதே வண்டியில் போனவர். தீர்மானம் 2022-ல் போட்டது.

அவளிடம் ஓடினேன். "அக்கா, மனோகர் மாட்டிக்கினான். கள்ளக் கையெழுத்து. எங்க வூட்டுக்காரர் போட்டது இல்லன்னு நீங்க கோர்ட்ல சொன்னா போதும்."

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி, அத போட்டது நான்தான்."

சுரங்கம் ஓடிய நாளில் ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்த ஆம்பளைகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அடித்துப் போட்டாற்போல் தூங்குவார்கள். டிரஸ்ட் கூட்டத்துக்குப் பெண்டாட்டி போய்ப் புருஷன் பெயரை எழுதிவிட்டு வருவாள். எல்லா லைனிலும் இதுதான் வழக்கம், யாரும் தப்பென்று நினைத்ததில்லை. சைலஸ் செத்த பிறகும் மனோகர் நோட்டை நீட்டினார். அவர் பெயரை வெட்டினால் உனக்குப் பெட்டி கிடைக்காது என்றார். எல்லோருக்கும் பெட்டி உண்டு என்று டிரஸ்ட் பத்திரத்திலேயே இருக்கிறது. அவள் அதை எங்கே கண்டாள்? பதினாலு வருஷம் பயந்து பயந்து எழுதியிருக்கிறாள்.

வழக்குப் போட்டது தெரிந்ததும் மனோகர் அவள் வீட்டுக்கே வந்து போயிருக்கிறார். "இன்னாமா, வாயத் தொறந்தா உள்ள போறது நீதான்" என்றாராம். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப யார் போட்டதுன்னு தெரியாதுன்னு சொல்லிடுங்கக்கா. அவன் தலையில வுழட்டும்" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு அன்று வெட்கமாகக்கூட இல்லை.

கோர்ட்டுக்கு வரும்போது அவள் கையில் ஒரு துணிப்பை இருந்தது. கூண்டில் ஏறியும் அதைக் கீழே வைக்கவில்லை. நீதிபதி கன்னடத்தில் கேட்டதைக் குமாஸ்தா தமிழில் கேட்டார்.

"இது உங்க வீட்டுக்காரர் கையெழுத்தா?"

"இல்ல சார்."

"யார் போட்டாங்கன்னு தெரியுமா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு மனோகரைப் பார்த்தாள்.

"நான்தான் சார். அவரு தூங்கறப்போ போட்டுப் பழகின கை. அவரு செத்தப்புறமும் போட்டேன்."

வழக்கு முடியும்வரை விற்பனைக்குத் தடை என்று நீதிபதி உத்தரவிட்டார். அவளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடக் குமாஸ்தா தாளை நீட்டினார். பேனா 'சை' என்று எழுதிவிட்டு நின்றது. அவள் திகிலோடு நிமிர்ந்து பார்த்தாள். அதை அடித்துவிட்டு, மரியகுழந்தை என்று எழுத்தெழுத்தாக எழுதி முடித்தாள்.

இறங்கியவள் வாசலுக்கு வரவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம் போவணும் சார்?" என்று கேட்டாள்.

"வூட்டுக்குத்தாம்மா" என்றார் குமாஸ்தா.

வெளியே வந்ததும் பையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு புடவை, பி.பி. மாத்திரை, ஜெபமாலை. ஜெயிலுக்கென்று கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்.

"நாளைக்கு வந்து கூட்டினு போவாங்களா தம்பி?"

வர மாட்டார்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"தெரியலக்கா" என்றேன்.